கதிர்காமக் காட்டுவழியில் ஒரு நாள்

(ஆலயத் திருவிழாவின் சமய நிகழ்ச்சியில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

செமினி, காஜாங், பெரானாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்கள் தைப்பூசம் பார்க்கப் பத்துமலைக்குப் புறப்படுவது ஒரு காலத்தில் பெரியதொரு பயணமாக இருந்தது. பல நாள் விரதம். புளிச்சோறு கட்டிக்கொண்டு லாரியில் நெருக்கியடித்து ஏறுதல். குழந்தைகளை மடியில் இருத்திக்கொண்டு தூசியிலும் வெயிலிலும் செல்லுதல். மலையடிவாரத்தில் பாய் விரித்து இரவைக் கழித்தல். இன்று அந்தத் தோட்டங்கள் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழும்பிவிட்டன. நெடுஞ்சாலையில் வாகனத்தைச் செலுத்தினால் போக்குவரத்து நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்திற்குள் பத்துமலையை அடைந்துவிடலாம். இந்த வசதியைக் குறை கூறுவதற்கில்லை. முதியோரும் நோயாளரும் முருகனைத் தரிசிக்க அது துணைசெய்கிறது.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. வழி குறுகும்போது, அவ்வழி மனிதனுக்குக் கற்றுக்கொடுத்த பாடங்களும் குறைந்துவிடுகின்றனவா? இவ்வினாவுக்கு விடை காண, இன்றும் காலால் நடந்தே கடக்கப்படுகின்ற ஒரு பழைய வழியை எடுத்துக்கொள்ளலாம். இலங்கையின் வடமுனையிலிருந்து தென்கிழக்கு மூலைவரை நீளும் கதிர்காமப் பாதயாத்திரைதான் அது. அதன் முழுநீளத்தையும் விரித்துரைக்க ஓர் இரவு போதாது. ஆகவே ஒரே ஒரு நாளின் நடை மட்டும் இங்கே விளக்கப்படுகின்றது.

கதிர்காமமும் அதன் வழியும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், மாணிக்க கங்கையின் கரையில் அமைந்துள்ளது கதிர்காமம். அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிப் பரவிய தலம் இது. வேடர் குலத்து வள்ளியை முருகன் நாடி வந்து மணம்புரிந்த இடம் என்பது மரபு. இங்குள்ள மூலஸ்தானத்தில் கருங்கல் விக்கிரகத்தைக் காண இயலாது. முருகனும் தேவியரும் தீட்டப்பெற்ற திரைச்சீலையே அடியார் கண்ணுக்குத் தெரியும். கப்புறாளைமார் எனப்படும் பூசகர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்கின்றனர். திருவிழாக் காலத்தில் பேழைக்குள் வைக்கப்பெற்ற யந்திரமே யானை மீது உலா வருகின்றது. அதே வளாகத்தில் தெய்வானையம்மன் கோயிலும் இஸ்லாமியரின் பள்ளிவாசலும் உள்ளன. சற்றுத் தொலைவில் கிரிவிகாரை என்னும் பௌத்தத் தூபி நிற்கின்றது. இந்துக்கள், பௌத்தர்கள், இஸ்லாமியர்கள், வேடர்கள் ஆகிய அனைவரும் தத்தம் முறைப்படி வந்து வணங்கும் தலம் இது.

யாழ்ப்பாணத்தின் வடகரையில், தொண்டைமானாற்றில் உள்ள செல்வச் சந்நிதி முருகன் ஆலயத்திலிருந்து இப்பாதயாத்திரை தொடங்குகின்றது. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் எனக் கிழக்குக் கரையோரமாகவே வழி இறங்கிவருகின்றது. ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம்வரை நடக்க வேண்டும். முழுத்தூரமும் நடப்போர் சிலரே. இடையிடையே உள்ள ஊர்களில் அடியார்கள் ஒவ்வொரு குழுவாக வந்து சேர்ந்துகொள்வர். ஆடிவேல் விழாவின் கொடியேற்றத்திற்கோ, நிறைவு நாளின் தீர்த்தத்திற்கோ கதிர்காமம் சென்றடையும்படி நாட்கள் கணக்கிடப்படுகின்றன.

பொத்துவில்வரை வழியெங்கும் ஊர்கள் உண்டு. கோயில் மடம் உண்டு, அன்னதானம் உண்டு. தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் பாணமையைத் தாண்டியபின் ஊர்கள் முடிந்து காடு தொடங்குகின்றது. அந்தக் காட்டின் வாசலில் நிற்பவன்தான் உகந்தைமலை முருகன். அங்கிருந்து கதிர்காமம்வரை ஐந்தாறு நாட்கள் வனத்தினூடே நடக்க வேண்டும். அவற்றுள் முதல் நாளே இவ்வுரையின் பொருள்.

விடியலுக்கு முன்

உகந்தை ஆலயம் கடலோரக் குன்றின் அடியில் உள்ளது. குன்றின் மேல் வள்ளியம்மனின் சந்நிதியும் பாறையில் அமைந்த நீர்ச்சுனைகளும் உள்ளன. முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து இக்கரையில் இறங்கினர் என்றும், கடலோரத்துப் பாறைகளே அவ்வோடங்கள் என்றும் அப்பகுதி மக்கள் கூறுவர். பாதயாத்திரைக் காலத்தில் ஆயிரக்கணக்கான அடியார் இங்கே கூடிக் காத்திருக்கின்றனர். எதற்காக? காட்டுக் கதவு திறப்பதற்காக!

உகந்தைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் காடு குமண தேசியப் பூங்காவாகும். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி இதனுள் அடங்கும். 1970இல் யால கிழக்கு என்னும் பெயரில் தேசியப் பூங்காவாயிற்று. 2006இல் குமண என்று பெயர் மாற்றம் பெற்றது. இதன் பரப்பு ஏறத்தாழ 35,600 ஹெக்டேர். இத்தகைய பூங்காவில் வாகனத்தை விட்டு இறங்கவும் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. ஆனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு, முன்கூட்டியே அறிவிக்கப்பெற்ற தேதிகளில், கால்நடையாகச் செல்லும் அடியார்களுக்காக அந்தக் கதவு திறக்கப்படுகின்றது. அரசாங்கத்தின் சட்டம் மக்களின் வழக்கத்திற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் அரிய காட்சி இது. உள்ளே செல்வோர் கணக்கிடப்படுகின்றனர். எத்தனை பேர் நுழைந்தனர் என்பது தெரிந்திருந்தால்தான், வழிதவறியவரைத் தேடவும் நோயுற்றவரைக் காக்கவும் இயலும்.

ஒரு சிறு குழுவை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த இருபது பேர். முன்னே செல்பவரின் கையில் வேல். அடுத்து, பல ஆண்டுகள் இவ்வழி நடந்து பழகிய மூதாட்டி ஒருவர். பின்னே குடும்பத்தினர், பிள்ளைகள், முதன்முறையாக வந்திருக்கும் ஓர் இளைஞன். இவ்யாத்திரையில் ஆண்கள் ஒருவரையொருவர் "சாமி" என்றே விளிக்கின்றனர். பெண்களை "அம்மா" என்கின்றனர். ஊரில் ஆசிரியராக இருந்தவரும், வயலில் கூலிவேலை செய்தவரும், வங்கி அதிகாரியும் இங்கே சாமிதான். பதவியும் பட்டமும் உகந்தைக் கதவுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

விடியுமுன்னரே குளித்து, உகந்தை முருகனை வணங்கி, சூடம் காட்டி, "அரோகரா" என்ற முழக்கத்துடன் குழு புறப்படுகின்றது. வெயில் ஏறுமுன் எவ்வளவு தூரம் கடக்க முடியுமோ அவ்வளவையும் கடந்துவிட வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு.

சுமையின் கணக்கு

அன்று கடக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து தைப்பூச வெள்ளி ரதத்துடன் பத்துமலைவரை நடப்பவர்கள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடக்கின்றனர். அதைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான் என்று தோன்றலாம். ஆனால் இங்கே தார்ச்சாலை கிடையாது; மின்விளக்கு கிடையாது; பந்தல்கள் தொடர்ந்து வரப்போவதும் இல்லை. மணலும் முள்ளும் காய்ந்த புல்வெளியும் மாறிமாறி வரும். பலர் காலணியின்றியே நடக்கின்றனர். இத்தூரத்தையே இரு நாட்களாகப் பகுத்துக்கொள்ளும் குழுக்களும் உண்டு.

முதன்முறை வரும் இளைஞன் தன் பையில் வேண்டியது வேண்டாதது அனைத்தையும் திணித்துக்கொண்டு வருகின்றான். மாற்று உடை நான்கு, பிஸ்கட் பொட்டலங்கள், கனத்த போர்வை, இனிப்புப் பானங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் தோள் வலிக்கத் தொடங்குகின்றது. மூதாட்டியின் தலையில் இருப்பதோ ஒரு சிறு மூட்டை மட்டுமே. அரிசி, பருப்பு, கொஞ்சம் உப்பு, மிளகாய், ஒரு சேலை, ஒரு விரிப்பு, விபூதிப் பை. கையில் ஒரு தண்ணீர்க் கலம். ஐந்தாறு நாட்களுக்கு ஒரு மனிதருக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதை அவர் அறிந்திருக்கின்றார்.

காட்டுவழி கற்றுத்தரும் முதற்பாடம் இது. எதனைச் சுமக்க வேண்டும், எதனை விட்டுவர வேண்டும் என்பதை நூல்கள் எவ்வளவு சொன்னாலும் மனத்தில் ஏறுவதில்லை. தோள் வலிக்கும்போது ஏறுகின்றது. பற்றறுத்தல் என்று சமயப் பெரியோர் சொன்னது, அந்த இளைஞனுக்குப் பையை இறக்கி வைத்து இரண்டு போத்தல்களைப் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்த நேரத்தில்தான் விளங்குகின்றது.

நடுப்பகலும் நீரும்

ஆடிவேல் விழாக் காலமான ஜூன், ஜூலை மாதங்களில் இலங்கையின் தென்மேற்கில் மழை பெய்யும். ஆனால் தென்கிழக்கில் அது வறட்சிக் காலம். குளங்களும் களப்புகளும் வற்றத் தொடங்கியிருக்கும். இடப்பக்கம் தொலைவில் கடலின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் குடிப்பதற்கு ஒரு வாய் நீர் கிடைக்காது. வெட்டை என்று அப்பகுதியினர் அழைக்கும் நிழலற்ற திறந்தவெளிகளில் மணல் கொதிக்கும். வானத்தில் பறவைகள் வட்டமிடும். குமணக் களப்பில் நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பருவமும் அதுவேயாகும்.

பாலைமரங்கள் பழுக்கின்ற காலமும் அதுவே. அதன் சிறிய மஞ்சள் பழங்கள் இனிப்பானவை. களைத்து வரும் அடியார்க்கு வழியில் கிடைக்கும் பிரசாதம் அவை. ஆனால் அதே பழத்திற்காகக் கரடியும் வரும். ஆகவே மரத்தடியில் எவ்வளவு நேரம் நிற்கலாம், தனியாக ஒதுங்கலாமா, பழத்தைப் பறிக்கும்போது எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் மூத்தோர் சொல்லிக்கொடுக்கின்றனர். யானை, சிறுத்தை, கரடி ஆகியவற்றின் வீட்டுக்குள் மனிதர் விருந்தினராக நுழைந்திருக்கின்றனர். விருந்தினர் வீட்டுக்காரரின் முறைப்படி நடக்க வேண்டும் அல்லவா?

இளைஞன் பொறுமையிழந்து மூதாட்டியிடம் கேட்கின்றான்: "அம்மா, இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?"

மூதாட்டி நடையை நிறுத்தாமலேயே பதில் சொல்கின்றார்: "தூரத்தைக் கேட்காத மகன். தண்ணி எங்க இருக்கு எண்டு கேள்."

இவ்விரு கேள்விகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மிகப் பெரிது. தூரத்தைப் பற்றிக் கேட்பவன் தன்னைப் பற்றி மட்டுமே எண்ணுகின்றான். எப்போது முடியும் என்பதே அவன் கவலை. தண்ணீரைப் பற்றிக் கேட்பவன் வழியைப் பற்றிக் கற்கின்றான். அடுத்த ஆண்டு அவன் பின்னால் வேறொருவர் வருவார். அவருக்கும் அந்த அறிவு வேண்டும். பாதயாத்திரை வழி என்பது நிலத்தின் மீது கிடக்கும் ஒரு கோடு மட்டுமன்று. எந்தக் கிணற்றடியில் நீர் நிற்கும், எந்த ஆற்றுமணலைத் தோண்டினால் ஊற்று வரும், எங்கே இரவு தங்கக்கூடாது என்னும் அறிவே அவ்வழியின் பெரும்பகுதி. அவ்வறிவு எந்த வரைபடத்திலும் முழுமையாக இல்லை. நடந்தவரின் நெஞ்சில் இருந்து, உடன் நடப்பவரின் நெஞ்சுக்கு மாறுகின்றது.

அண்மை ஆண்டுகளில் இராணுவத்தினரும் பிற அரசுப் பிரிவினரும் தொண்டர்களும் காட்டுவழியில் குடிநீர் வழங்குகின்றனர், முதலுதவியும் செய்கின்றனர். இதனால் பலர் உயிராபத்தின்றி நடக்க முடிகின்றது. இது போற்றுதற்குரிய தொண்டு. எனினும் தண்ணீர் வண்டி வர இயலாத இடத்தில் மூதாட்டியின் அறிவே துணை.

ஆற்றங்கரை மாலை

மாலை சாயும் வேளையில் குழு கும்புக்கன் ஆற்றை அடைகின்றது. அடியார் இதனைக் குமுக்கன் ஆறு என்றும் சொல்வர். குமண வனத்திற்கும் அதற்கப்பால் உள்ள யால வனத்திற்கும் எல்லையாக ஓடுகின்றது இவ்வாறு. சிங்களத்தில் கும்புக் எனப்படும் மருதமரங்கள் கரையெங்கும் பருத்து ஓங்கி நிழல் பரப்பி நிற்பதால் இப்பெயர். பகலெல்லாம் வெட்டையில் வெந்துவந்தவர்களுக்கு அந்த நிழல் முருகனின் திருவடி நிழலாகவே தோன்றும்.

வறட்சிக் காலத்தில் ஆறு முழங்கால் அளவாகவோ, சில இடங்களில் மணலாகவோ கிடக்கும். அடியார்கள் நீராடுகின்றனர்; துணி துவைக்கின்றனர்; மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கின்றனர். சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டுகின்றனர். யாரிடம் அரிசி இருக்கின்றது, யாரிடம் பருப்பு இருக்கின்றது என்று பார்ப்பதில்லை. எல்லாம் ஒரே பானையில் சேருகின்றன. இளைஞன் காலையில் சுமந்துவந்த பிஸ்கட்டும் பிள்ளைகளுக்குப் பங்காகின்றது.

வேலை மணலில் நட்டு, விளக்கேற்றி, பஜனை பாடுகின்றனர். பிறகு நெருப்பைச் சுற்றி வட்டமாகப் படுக்கின்றனர். குழந்தைகளும் முதியோரும் நடுவே, திடமானவர்கள் வெளிவட்டத்தில். ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருந்து நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்கின்றனர். மறுநாள் நாவலடி, அடுத்து வியாழை, பின்னர் கட்டகாமம் என்று வழி தொடர்கின்றது. இறுதியில் மாணிக்க கங்கையில் மூழ்கி எழுந்து கதிர்காமனின் சந்நிதியை அடைகின்றனர். ஆனால் அடியார் ஒருவர் மாற்றம் அடைவது சந்நிதியில் மட்டும் நிகழ்வதன்று. அது முதல் நாளின் வெட்டையிலேயே தொடங்கிவிடுகின்றது.

கதவு மூடிய ஆண்டுகள்

இத்தகைய வழி எப்போதும் தடையின்றி இருந்ததா? இல்லை.

19ஆம் நூற்றாண்டில் காலரா பரவிய காலங்களில் பிரிட்டிஷ் அரசு கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய லெனார்ட் வூல்ஃப், கதிர்காமத் திருவிழாவை மேற்பார்வையிடும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். பின்னாளில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் விளங்கியவர் அவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவராயினும், அந்த யாத்திரை அனுபவத்தை மறவாமல், 1961இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில் எழுதிவைத்தார். அதிகாரிகள் மாறினர், ஆட்சியும் மாறியது, நடை நிற்கவில்லை.

ஆனால் 1983ஆம் ஆண்டின் இனக்கலவரமும் அதைத் தொடர்ந்த போரும் நிறுத்திவிட்டன. குமணப் பூங்கா 1985 முதல் 2003 வரை பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து முழுத்தூரமும் நடப்பது அக்காலத்தில் இயலாத செயலாயிற்று. 1988இல் பாதயாத்திரைக்கு மீண்டும் உயிரூட்டும் முயற்சி தொடங்கியது. அதில் முன்னின்றவர்களுள் ஒருவர் பேட்ரிக் ஹாரிகன் என்னும் அமெரிக்கர். 1970களில் ஈழத்துப் பெரியோருடன் இவ்வழி நடந்து பழகியவர் அவர். 2009இல் போர் முடிவுற்ற பின்னர் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரையிலான முழு நடையும் மீண்டும் கூடிற்று.

இங்கே ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. போர்க்காலத்திலும் கதிர்காமத்தில் பூசை நடந்தது, திருவிழா நடந்தது, பேருந்தில் செல்வோர் சென்றனர். கோயிலுக்கு ஆபத்து வரவில்லை. ஆபத்து வந்தது வழிக்குத்தான். வழியை அறிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்துகொண்டிருந்தனர். இன்னும் ஒரு தலைமுறை கடந்திருந்தால், கதவு திறந்தபோது உள்ளே எங்கே நீர் உண்டு என்று சொல்ல ஆளிருந்திருக்காது. எஞ்சியிருந்த சிலர் நடந்து காட்டியதாலேயே அந்த வழி பிழைத்தது.

புதிய ஆபத்து

இன்று நடப்போர் தொகை பல்லாயிரமாகப் பெருகிவிட்டது. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பெருந்திரளோடு பிளாஸ்டிக் போத்தல்களும் பைகளும் உணவுப் பொட்டல உறைகளும் காட்டுக்குள் நுழைந்துவிட்டன. தண்ணீரைக் குடித்துவிட்டுப் போத்தலைப் புதரில் எறிபவர், தமக்கு நீர் தந்த வழியையே காயப்படுத்துகின்றார். உணவின் மணம் ஒட்டிய பையை யானையும் மானும் விழுங்கிவிடுகின்றன. வனத்துறையும் தொண்டர் அமைப்புகளும் யாத்திரை முடிந்தபின் குப்பை அள்ளப் படாதபாடு படுகின்றனர்.

சட்டம் வழக்கத்திற்கு மதிப்பளித்துக் கதவைத் திறக்கின்றது. அந்த மதிப்புக்கு ஈடாக அடியார் தர வேண்டியது ஒழுக்கம். கதவைத் திறக்கக் கையொப்பமிடும் அதிகாரியின் இடத்தில் ஒருவர் தம்மை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் வழிபாட்டு உரிமை. மறுபக்கம் பறவைக் கூடும் யானைக் கூட்டமும். குப்பை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனால், நாட்களைக் குறைக்க வேண்டும் என்னும் குரல் வலுக்காமல் இருக்குமா? போர் மூடிய கதவைப் பக்தி திறந்தது. அதே கதவை அடியார்களின் கவனக்குறைவு மீண்டும் மூடச் செய்துவிடக் கூடாது. அந்த மூதாட்டி தம் அடுப்புச் சாம்பலையும் மணலால் மூடிவிட்டுத்தான் ஆற்றங்கரையை விட்டு எழுகின்றார்.

செமினிக்கு இதில் என்ன?

கதிர்காமம் மட்டுமன்று, தைப்பூசத்திற்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடியுடன் பழனிக்கு நடக்கின்றனர். மராட்டிய மாநிலத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்திற்கு வாரகரி அடியார்கள் ஏறத்தாழ மூன்று வாரம் நடக்கின்றனர். எருமேலியிலிருந்து பெரிய பாதையில் சபரிமலைக்கு நடப்போர் மலேசியாவிலிருந்தும் ஆண்டுதோறும் செல்கின்றனர். இவ்வழிகள் அனைத்திலும் நடை நாள்நாளாகவே பகுக்கப்பட்டிருக்கின்றது. இன்று எங்கே தங்குவது, இன்று யாருக்கு உணவு, இன்று யார் களைத்திருக்கின்றார் என்று அன்றன்றைய கடமையைப் பார்த்து நடப்பவரே இறுதிவரை செல்கின்றார்.

செமினியில் காடு வழியே ஐந்து நாள் நடக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆனால் பால்குடம் எடுத்து வருவோரும், காவடி சுமப்போரும், ரதத்தின் பின்னே நடப்போரும் நடக்கும் சில கிலோமீட்டர்களிலும் அந்தக் காட்டுவழியின் முறையைக் கடைப்பிடிக்கலாம்.

முதலாவது, சுமை. ஆடம்பரத்தைக் குறைத்து நேர்த்திக்கடனுக்கு வேண்டியதை மட்டும் சுமத்தல். காவடியின் அழகு அதன் எடையிலோ விலையிலோ இல்லை.

இரண்டாவது, தண்ணீர். தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் குடும்பங்கள் புண்ணியம் செய்கின்றன. அப்பந்தலில் கழுவிப் பயன்படுத்தக்கூடிய குவளைகளை வைத்து, அருகிலேயே குப்பைக் கூடையும் வைத்து, அதனைக் கவனிக்க இரண்டு இளைஞரை நிறுத்தினால் அப்புண்ணியம் இரட்டிப்பாகும். ஊர்வலம் சென்ற தெருவைப் பார்த்து, இங்கே இந்துக்கள் சென்றனர் என்று பிற இனத்தவர் அறிந்துகொள்வது சிதறிக் கிடக்கும் நெகிழிக் குவளைகளாலா, அல்லது துடைத்து வைத்த தூய்மையாலா? ஊர்வலத்திற்கு அனுமதி தரும் காவல் நிலையமும் நகராண்மைக் கழகமும் அடுத்த ஆண்டும் மனமுவந்து அனுமதி தருவது இந்த விடையைப் பொறுத்தது.

மூன்றாவது, வழியறிந்த மூத்தோர். இந்த வட்டாரத்தின் தோட்டக் கோயில்கள் எங்கே இருந்தன, எந்த லயத்து மக்கள் எந்தத் தெய்வத்திற்கு என்ன நேர்ந்துகொண்டனர், தீமிதி எப்படி நடந்தது, விரதம் எப்படிக் காக்கப்பட்டது என்பவற்றை அறிந்த பாட்டிமார்களும் தாத்தாமார்களும் இன்னும் சிலர் இருக்கின்றனர். அந்தத் தோட்டங்கள் மறைந்துவிட்டன. கதவு மூடிய காடு போலாகிவிட்டது அந்த வாழ்க்கை. அந்த வழியை நினைவில் வைத்திருப்போரிடம் இளைஞர்கள் இன்றே சென்று அமர்ந்து கேட்க வேண்டும். கேட்டதை எழுதி வைக்க வேண்டும். "எப்போது முடியும் பாட்டி?" என்று கேட்காமல், "எங்கே தண்ணீர் இருந்தது பாட்டி?" என்று கேட்க வேண்டும்.

திருவிழா முடிந்து கொடி இறங்கும் நாளில், இளைஞர் பிரிவினர் ஒரு மூத்த அடியாரை முன்னே விட்டு, அவருடைய நடை வேகத்திலேயே ஆலயத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒருமுறை நடந்து வரட்டும். வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டே வரட்டும். அந்த மூத்தவர் சொல்லும் கதைகளைக் கேட்டுக்கொண்டே வரட்டும். ஒரு மணி நேர நடைதான். ஆனால் கும்புக்கன் ஆற்றங்கரையில் அடுப்புச் சாம்பலை மணலால் மூடிவிட்டு எழும் அந்தத் தாயின் பின்னே நடந்த பயன் அதில் கிட்டும்.

கதிர்காமத்துக் கந்தன், பத்துமலை முருகன், செமினி மக்கள் நாளும் வணங்கும் வேலவன் ஆகிய அனைவரும் ஒருவரே. அவன் சந்நிதிக்குச் செல்லும் வழியையும் அவன் சந்நிதி போலவே காத்து, பின்வரும் பிள்ளைகளுக்கு ஒப்படைக்கும் நல்லறிவை அவனே அருள்வானாக.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!